ஓர் உழக்கு உப்பின் எடை

நீலவரை நாடாளும் கோமான் குவளைமாறர் ஆணையால், பேரமைச்சன் பரிதிவேள், கடல்வாயில் காக்கும் கானலூர்த் தலைவர் எழினியார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலமும் இல்லங்களில் உலையும் என்றும் ஓயாதிருக்க.

தலைநகரைப் பற்றிய வயிற்றுப்போக்கு நோய் தங்கள் ஊரையும் எட்டியதாகத் தூதர் உரைத்தனர். ஆதலின் இங்கு நிகழ்ந்ததை மறையாது எழுதுகிறோம்.

நோயுற்றோரைக் கிழக்கு மண்டபத்திலும் மேற்கு மண்டபத்திலும் கிடத்தி, அரண்மனை மருத்துவர் அந்துவனார் வகுத்தபடி, ஒரு கொப்பரைக் கஞ்சிக்கு ஓர் உழக்கு உப்பிட்டு, வெல்லம் கலந்து ஊட்டிவந்தோம். மேற்கே மடைப்பள்ளித் தலைவி கொற்றியின் கஞ்சி குடித்தோர் மூன்றாம் நாள் எழுந்தமர்ந்தனர். கிழக்கே மடைப்பள்ளிச் சமையலாளன் நள்ளி காய்ச்சிய கஞ்சியைக் குடித்தோர் நாவறண்டு, குடித்ததையும் கக்கி, மேலும் சோர்ந்தனர். பதினோர் உயிர் நீங்கிற்று. நள்ளி நஞ்சிட்டான் என்று ஊர் கொதித்தது; அவனை விலங்கிட்டோம். அப்பிழை எம்முடையது.

கொற்றிக்கோ மனம் ஒப்பவில்லை. பன்னிரண்டு ஆண்டு அவனுடன் ஒரே அடுப்படியில் வெந்தவள்; உழக்கின் தலையை விரலால் வழித்து மட்டம் பாராமல் அவன் ஒருநாளும் உப்பிட்டதில்லை என்பதை அறிவாள். தீர்ப்பு நாளன்று காலையில் கிழக்கு மண்டபம் சென்று அவனது உப்புச் சாடியில் கைவிட்டாள். மாவுபோல் நுண்ணிய பொடியுப்பு விரலிடையே வழிந்தது. அவள் சாடியில் இருந்ததோ பருத்த கல்லுப்பு. இரு சாடிகளையும் இடுப்பிலும் தோளிலும் சுமந்து நேரே அவை புகுந்து, பண்டசாலைத் துலாக்கோல் ஒன்று வேண்டினாள்.

ஒரே உழக்கால், ஒரே மட்டமாக, ஒரு தட்டில் கல்லுப்பையும் மறு தட்டில் பொடியுப்பையும் இட்டாள். பொடியுப்பின் தட்டு தரையைத் தொட்டது. நிறுத்துப் பார்த்தால் கல்லுப்பு ஏழு பலம், பொடியுப்பு பத்தேகால். அளவு ஒன்றாயிருக்கப் பாரம் எங்ஙனம் மாறிற்று என்று அந்துவனார் வினவினார். அவள் சொன்ன சொல்லை மாற்றாது பொறிக்கிறோம்:

“உழக்கு நெறஞ்சது நெசந்தாங்க ஐயா. கல்லுப்புக்கு நடுவுல காத்து கெடக்கு. பொடியில காத்துக்கு எடமில்ல, அங்கயும் உப்புத்தான்.”

பின்னர் கோமானே அரியணை இறங்கி, அரிசிமாவும் தேனும் கொணரச் செய்தார். ஓர் உழக்கு மா ஐந்து பலம் நின்றது. ஓர் உழக்குத் தேனோ பதின்மூன்று. அறுபது ஆண்டு உண்டு வளர்ந்த யாம், உண்ட சோற்றுக்குள் இப்படியொரு பேருண்மை கிடந்ததை அன்றே கண்டோம்.

நள்ளியின் விலங்கைக் கோமான் தம் கையால் கழற்றினார். அந்துவனார் தம் பழைய ஏட்டைக் கிழித்து, ‘உப்பு ஏழு பலம்’ என்று புதிதாய்ப் பொறித்தார். அதற்குப்பின் கிழக்கு மண்டபத்தில் ஒருவரும் இறக்கவில்லை.

ஆதலின், இனி நும் ஊரில் நோயாளர் கஞ்சிக்கு உப்பும் வெல்லமும் நிறுத்தே இடப்படுக. எடைகள் அடுத்த ஏட்டில் உள. கோமான் கொற்றிக்கு விளைநிலம் தர முன்வந்தார். அவள் அதை மறுத்து, கானலூர் செல்லும் படகில் ஓரிடம் கேட்டாள். இவ்வோலையுடன் வருபவள் அவளே. தலைவர் துறைக்கு நேரில் வந்து, அவள் தோளிலிருக்கும் துலாக்கோலைத் தம் கையால் இறக்கி வைக்க.

இது கோமான் வாய்மொழி. அரக்கிட்டுக் குவளை முத்திரை பதித்தோம்.