மெதுவாக நாலு அடி

உனக்கு,

இங்கே சந்தையைப் பார்க்காமல் போனால் வந்ததே வீண் என்று வழிகாட்டிப் பெண் எங்களை ஓட்டிக்கொண்டு போனாள். நம் இருவருக்குமாகப் பதிவு செய்திருந்த அதே சுற்றுலாதான். பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் எல்லாரும் பை வைக்கிறார்கள்.

ஒரு கடையில் மயில்நீலச் சால்வை. கடைக்காரன் வாய் கூசாமல் விலை சொன்னான். "திரும்பிப் பார்க்காதீங்க. மெதுவா நாலு அடி வைங்க, அவனே கூப்பிடுவான்" என்று எத்தனை கடைகளிலிருந்து என் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாய். கூப்பிடாதவன் ஒருத்தன் உண்டா?

நானும் சால்வையைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். காதை மட்டும் கடையிலேயே விட்டிருந்தேன். நாலு அடி, ஐந்து, ஆறு. கூப்பிடவில்லை. திரும்பினால், அவன் பாட்டுக்குச் சால்வையை மடித்துக்கொண்டிருந்தான்.

போய், அவன் சொன்ன விலைக்கே வாங்கினேன். உன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் அண்ணிக்குக் கொடுத்துவிடு, அவள் எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும்.

அன்று காலை பெட்டியோடு கிளம்பினாயே, கூடத்திலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம் நடந்தாய்? எப்போதும் ஓட்டமும் நடையுமாகப் போகிறவள் நீ. படியில் நின்று செருப்பு வாரை இரண்டு தடவை சரிசெய்தாய். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பெட்டி கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
கூப்பிடாதவன்