மேனேஜரை வாளியில் போட்டேன்

அன்புள்ள கணவருக்கு,

அன்புள்ள என்பது கடிதத்துக்குக் கொடுக்கிற மரியாதை. அதற்கு மேல் எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். போனில் பேசலாமென்றால், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டதும் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நானும் மகளும் சௌக்கியம்.

தொட்டியில் இருக்கிற உங்கள் ஆப்பிரிக்க மகாராஜாக்களும் சௌக்கியம். போன முறை பதினொரு நிமிடம் பேசினீர்கள். ஒன்பது நிமிடம் சிச்லிட் மீன், ஒரு நிமிடம் ஃபில்டர், மிச்சத்தில் மகள் எத்தனையாவது படிக்கிறாள் என்று கேட்டீர்கள். ஏழாவது. நீங்கள் போகும்போது அப்போதுதான் ஐந்தாவது சேர்ந்திருந்தாள். சைட் வேலை, இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இப்போது மூன்றாவது வருஷத்திலும் பாதி ஓடிவிட்டது, ஆபீஸ் விடமாட்டேன் என்கிறதாம்.

பகலெல்லாம் லேபில் ஊரார் ரத்தத்தைப் பரிசோதிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் மீனுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை. நாம் குடிக்கிற நல்ல தண்ணீர் இதுகளுக்கு ஆகாதாம், சுண்ணாம்புச் சத்து ஏற்ற வேண்டுமாம். நாலடித் தொட்டியில் இருபத்திரண்டு மீன். நெருக்கி வைத்தால்தான் பெரிய மீன் ஒரே மீனைத் துரத்தி அடிக்காது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இதை ஒரு பொழுதுபோக்கு என்று எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

இப்போது விஷயம். அந்தப் பெரிய நீலத்துக்கு மகள் மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறாள். வேலை ஒன்றும் கிடையாது, தொட்டி நடுவில் இருக்கிற கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களை விரட்டுவதுதான் உத்தியோகம். போன மாதம் ஒரு குட்டி வரிமீனின் வாலைப் பிய்த்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வலை போட்டுப் பிடித்து, காற்றுக்குழாயும் சின்ன ஹீட்டரும் சேர்த்து வாளியில் போட்டுவிட்டேன். உங்கள் நோட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன்.

ஒழியவில்லை. மறுநாளே அடுத்த நீலம் கருத்துப் பளபளத்து, அதே கல்லுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. இவன் அவனுக்கு மேல். எட்டாம் நாள், பழையவனே தேவலை என்று மேனேஜரைத் திரும்ப விட்டேன். அத்தனையும் சேர்ந்து அவன் மேல் பாய்ந்தன. முன்பெல்லாம் அவனைக் கண்டு ஓடிய மஞ்சள் பொடிசு கூட ஒரு கடி கடித்தது. சாயம் போன துணி மாதிரி வெளுத்து, ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மகள்தான் அழுதாள்.

அவளுக்காக மீன்கடைக்காரரிடம் போனேன். "அக்கா, அவன் இல்லாதப்ப எல்லாம் எடத்தப் பங்கு போட்டுக்கிச்சுங்க. இப்ப அவன் பழைய ஆளு இல்ல, புதுசா வந்தவன். கல்லு மொத்தத்தையும் கலைச்சு மாத்தி வைங்க. யாருக்கும் எடம் இல்லன்னு ஆனாத்தான் அவனையும் சேத்துக்கும்" என்றார். ஞாயிறு காலை முழுக்க முழங்கை வரை நனைந்து கல் அடுக்கினேன். இப்போது ஒரு மூலையில் ஏதோ பிழைத்துக் கிடக்கிறான். நிறம் பாதி வந்திருக்கிறது.

அன்று மாலைதான் உங்கள் சைட் ஸ்டோர்கீப்பர் லீவில் வந்தவர், நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சலோடு வந்தார். மகள் ஓடி வந்து பிரித்தாள். இரண்டு டப்பா மீன் தீனி. வேறெதுவும் இருக்கிறதா என்று அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். நான் பேச்சை மாற்ற, என் வீட்டுக்காரரை மட்டும் ஏன் உங்கள் ஆபீஸ் விடமாட்டேன் என்கிறது என்று கேட்டேன். "யாரு விடல? அண்ணன்தான ரெண்டு தடவையும் இன்னும் இருக்கேன்னு எழுதிக் குடுத்து நீட்டிச்சாரு" என்று சொல்லிவிட்டு, பாவம், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார். நல்லவேளை, மகள் உள்ளே இருந்தாள்.

தண்ணீரில் சுண்ணாம்பு குறைந்தால் பதறுகிற மனுஷன், வீட்டுக்கு வராமலிருக்கத் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்கு மேல் உங்களைத் திட்ட என்னிடம் வார்த்தை இல்லை. உங்கள் அலமாரியில் இப்போது மகளின் புத்தகங்கள். கட்டிலில் நான் குறுக்கே படுத்து நன்றாகவே தூங்குகிறேன். நீங்கள் வந்தால் எல்லோருக்கும் இடைஞ்சல்தான். இருந்தும், வந்தால் எல்லாவற்றையும் நகர்த்திப் போட்டு இடம் பண்ண என்னால் முடியும். அது எனக்குப் பெரிய வேலை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரே ஒரு வரி எழுதுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். அப்பாவை ஆபீஸ் எப்போது விடும் என்று மகள் தினமும் கேட்கிறாள். இத்தனை நாளாக நீங்கள் சொன்னதைத்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் முதல் தெரிந்தே சொல்கிறேன். என்னால் முடியவில்லைங்க.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி