எண்ணிப் பார்த்த மாத்திரைகள்

அண்ணே,

இன்று காலை பேரனின் ரத்தப் பரிசோதனைத் தாளில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் என்ற பெயரைப் படித்ததும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இறங்கவில்லை என்று எடுத்த சோதனை. சர்க்கரை செல்லுக்குள் நுழைந்ததும் முதலில் அந்தப் பொருளாகத்தான் மாறுமாம். அதைக் கையாளும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுடைய சிவப்பணுக்கள் சில மாத்திரைகளைத் தாங்காமல் உடைந்துவிடும் என்றார் டாக்டர். மலேரியாவுக்கு நீங்கள் கொடுத்த பிரைமாகுவினும் அவற்றில் ஒன்று. அன்று நம் இருவருக்குமே இது தெரியாது.

கல்வராயன் மலை சுகாதார நிலையத்தில் நான் ரத்தம் பார்ப்பவள். நீங்கள் வீடு வீடாக மாத்திரை கொடுப்பவர். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. சாமை பயிரிடும் ஒருவருக்கு, மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அவர் மனைவி உங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"இன்னா குடுத்த? அத நீ முழுங்கு, பாக்கறேன்."

அங்கேயே ஒன்றை எடுத்து விழுங்கினீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என் சந்தேகத்தை வளர்த்தது. மாத்திரையில் குற்றமில்லை என்றால் அளவில் நீங்கள்தான் தவறியிருக்க வேண்டும்.

அவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, நீங்களும் ஊர்க்காரர்கள் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு மலையிறங்கினீர்கள். கச்சிராயபாளையம் தாண்டி, விழுந்து கிடந்த மரங்களில் ஏறி இறங்கி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். அந்நேரம் நான், நீங்கள் நிலையத்தில் விட்டுப்போன பையைத் திறந்து, மீதி மாத்திரைகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் விழுங்கிய ஒன்றைக்கூட எழுதியிருந்தீர்கள். அப்போதும் நம்பவில்லை. எல்லாவற்றையும் பிறகு திருத்தி எழுதியிருப்பீர்கள் என்றே நினைத்தேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்து, அவர் பிழைத்துக்கொண்டார் என்றீர்கள். பிறகு பையில் நான் மாற்றிப் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தீர்கள்.

"எண்ணிட்டியாம்மா? சரியா இருந்திச்சா?"

"இருந்திச்சுண்ணே."

"அப்போ வேற எங்கியோ தப்பு பண்ணிக்கிறேன். இன்னான்னுதான் தெரியல."

நான் பையை உங்கள் பக்கம் தள்ளி வைத்தேன். அடுத்த மாதமே நீங்கள் மாத்திரை தொடாத வேலைக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டீர்கள்.

உங்கள் சாவுக்கு உளுந்தூர்பேட்டை வந்தபோது உங்கள் மனைவி ஒன்று சொன்னார். அதன் பிறகு கடைசிவரை நீங்கள் யாருக்கும் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லையாம். உங்களுக்கு வேண்டியதையும் அவர்தான் எடுத்துத் தர வேண்டுமாம்.

தப்பு உங்களுடையது அல்ல அண்ணே. அதைச் சொல்லும் அறிவு எனக்கு இன்றுதான் கிடைத்தது. ஆனால் உங்களை நம்புகிறேன் என்று சொல்ல, அன்றைக்கு எனக்கு எந்த அறிவும் தேவைப்பட்டிருக்காது.