வாயில்லாத வண்டி

பாளையங்கோட்டை
14.06.2024

அன்புள்ள சாலோமிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். அங்கே நீயும் கரோலினும் மருமகனும் பேரப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். போனில் நீ பேசுவது விளங்கவில்லை என்றேன், கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். குறை என் காதில் இல்லை, அந்தப் போனில்தான். போகட்டும். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக்கொண்டது போல இனி எழுதிக்கொள்வோம். தபால்காரருக்கும் ஒரு வேலை வேண்டாமா?

ஒரு சங்கதி. நம் டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டேன். தச்சநல்லூர் பூதலிங்கம் அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். பதிலுக்குக் கரண்டில் ஓடும் கார் வாங்கியிருக்கிறேன், வெள்ளை நிறம். உன்னிடம் சொல்லாமல் செய்தது உன்னை மலைக்க வைக்கத்தான், வேறு எண்ணமில்லை.

நம் சபை ஐயர் வந்து வாசலில் வைத்து ஜெபம் பண்ணினார். முடிந்ததும், "எங்க, ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்" என்றார். "ஸ்டார்ட் பண்ணி நேரமாச்சே ஐயா" என்றேன். மனுஷன் நம்பவில்லை. பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போல.

இடது காலுக்கு வேலையே கிடையாது. அது பாட்டுக்குக் கிளட்சைத் தேடுகிறது. இடது கை கியரைத் தேடிப் போய், ஒன்றும் அகப்படாமல் உன் இருக்கையில் விழுகிறது. அங்கே நீ இல்லை. பின்னால் ஹாரன் கேட்டால் என் முழங்காலில் ஒரு தட்டு, நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு தட்டு என்று நீ தட்டுவாயே, அது இல்லாமல் ஓட்டுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. விக்கிரமசிங்கபுரம் மில் இரைச்சலில் ஆயுசைக் கழித்தவனுக்குக் கொஞ்சம் மந்தமாகக் கேட்பது இயற்கைதானே. அதற்காக ஒரு பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போவாளா? இரண்டு மாதம் என்று போனாய், ஆறு மாதம் ஆகிவிட்டது. சீக்கிரம் வந்து சேர்.

உன்
எபனேசர்


கோயம்புத்தூர்
27.06.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. மலைத்துத்தான் போனேன், சந்தோஷத்தில் இல்லை.

கரோலின் கல்யாணத்துக்குச் சீர் ஏற்றிப் போன வண்டி அது. நீங்கள் தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு அதன் சத்தம் தெரியும். அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடி வந்து காம்பவுண்டுக் கதவைத் திறப்பேன். நம் வாசலில் ஒரு நாளாவது ஹாரன் அடித்திருக்கிறீர்களா? அப்படிப்பட்ட வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் என்ன, வேண்டாமென்றா சொல்லியிருப்பேன்?

இங்கே எல்லாரும் சுகம். பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான். இந்தச் சபையில் பாடல் குழுவில் சேர்ந்திருக்கிறேன். வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் கரோலின் வீட்டு மாடியில்தான் பழகுகிறோம். எனக்கு இன்னும் குரல் இருக்கிறது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது, அத்தான். ரீபா என்று ஒரு டீச்சர், "இத்தனை நாள் இந்தக் குரலை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் புறப்பட்ட அன்றைக்குச் சொன்னதுதான் இப்போதும். காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளுங்கள், வந்துவிடுகிறேன். சுவரோடு பேசி எனக்கு அலுத்துவிட்டது.

ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்
சாலோமி


பாளையங்கோட்டை
19.08.2024

அன்புள்ள சாலோமிக்கு,

இங்கே சுகம். கோபத்தை விடு. வண்டி எப்படி என்று கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நேற்றுத் தனியாகப் பாபநாசம் போய்வந்தேன். மலையேறும்போது சார்ஜ் மளமளவென்று குறைந்தது. இறங்கும்போது பார்க்கிறேன், போனது கொஞ்சம் திரும்பி ஏறுகிறது! காலை எடுத்தாலே ஏறுகிறது. மனுஷ வாழ்க்கையில் இப்படி ஒரு சலுகை உண்டா சொல்.

வழியில் டீ குடிக்க நின்றால் கூட்டம் கூடிவிடுகிறது. "அண்ணாச்சி, மழையில நனைஞ்சா ஷாக் அடிக்காதா?" என்று ஒருவர். "கரண்டு போச்சுன்னா நடுரோட்டுல நின்னுருமா வே?" என்று இன்னொருவர். எல்லாருக்கும் பதில் சொன்னேன். கேள்வி பாதி விளங்கவில்லை என்றாலும், கேட்பது எல்லாம் ஒரே கேள்விதானே.

திரும்பும்போது மில் குவார்ட்டர்ஸ் பக்கம் போனேன். நாம் அப்போது இருந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. சற்று நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் இன்ஜின் உதறுவது உட்கார்ந்த இடத்தில் தெரியும், ஏதோ கூட இருக்கிறது போலிருக்கும். இதில் அதுவும் இல்லை.

காது மிஷின் எல்லாம் கிழடுகளுக்கு. நீ வந்து முழங்காலில் தட்டினால் போதும்.

உன்
எபனேசர்


கோயம்புத்தூர்
05.09.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இது சின்னக் கடிதம்தான்.

பாடல் குழுவைப் பற்றி எழுதியிருந்தேன். எனக்கு அழுகை வந்ததென்றும் எழுதியிருந்தேன். ஏன் அழுதாய் என்று நீங்கள் ஒரு வரி கேட்கவில்லை. சார்ஜ் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் பத்தி பத்தியாக வருகிறது. பேசினால் கேட்கவில்லை என்பீர்கள், சரி, மில்லின் குற்றம். எழுதினதும் கேட்காதா?

குவார்ட்டர்ஸில் இருக்கும்போது சமையல்கட்டில் பாடுவேன். "யார்ட்ட ஏட்டி பேசுத?" என்று சத்தம் போடுவீர்கள். தினமும் பதில் சொல்லி அலுத்துத்தான் பாட்டை விட்டேன். உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

என்னைத் தட்டச் சொல்கிறீர்கள். தட்டுவதற்கு மட்டும்தானா நான்?

சாலோமி


பாளையங்கோட்டை
18.11.2024

அன்புள்ள சாலோமிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். இப்போது எழுதியே ஆக வேண்டும்.

போன வாரம் மேலப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் பையப் பைய வண்டியை விட்டுக்கொண்டு போனேன். முன்னால் ஆசியா உம்மாள் என்று ஒரு வயசான அம்மா முட்டைக் கூடையோடு போனார்கள். வண்டிச் சத்தத்துக்கு ஒதுங்கிவிடுவார்கள் என்று டீசல் வண்டிக்காலப் பழக்கத்தில் இருந்துவிட்டேன். சத்தம்தான் இல்லையே. அவர்கள் மகன் கடைக்குள்ளிருந்து "நிறுத்தும், நிறுத்தும்" என்று கத்தியிருக்கிறார், என் காதில் விழவில்லை. வண்டி அவர்களைத் தொட்டுவிட்டது. உட்கார்ந்தபடி விழுந்தார்கள். கூடை போய்விட்டது. ஆண்டவர் புண்ணியத்தில் ஆளுக்கு ஒன்றுமில்லை.

நான் இறங்கித் தூக்கிவிடப் போனேன். அந்த அம்மா எழுந்து, என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "ஏ வாப்பா, ஒமக்குத்தான் காது இல்ல. ஒம்ம வண்டிக்கு வாயும் இல்லையா?" என்றார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உன் இரண்டு தட்டு இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

மறுநாளே போய்க் காதுக்கு மிஷின் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆம், நானேதான்.

வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது, சாலோமி! மின்விசிறி முனகுகிறது. ஊமை என்று நினைத்த வண்டிகூட மெல்லமாக ஏதோ சொல்கிறது. பால்காரரிடம் பேசும்போது என் குரலைக் கேட்டு நானே பயந்துவிட்டேன். இந்தத் தொண்டையோடா நீ குடும்பம் நடத்தினாய்?

காம்பவுண்டுக் கதவு அலறுவது காது கூசுகிறது. எண்ணெய் போடச் சொல்லி எத்தனை வருஷம் சொல்லியிருப்பாய். ஆனால் இப்போது வேண்டுமென்றே போடாமல் வைத்திருக்கிறேன். நீ வந்து திறக்கும்போது அது எனக்குக் கேட்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு உன்னைக் கூட்டிப்போக நானே வருகிறேன். தேதி சொல்ல மாட்டேன்.

உன்
எபனேசர்


பாளையங்கோட்டை
21.12.2024

அன்புள்ள சாலோமிக்கு,

வியாழக்கிழமை கோயம்புத்தூர் வந்திருந்தேன். உனக்குத் தெரியாது.

விடியும் முன்னே கிளம்பினேன். மதுரை தாண்டி ஓரிடத்தில் சார்ஜ் போட நின்றேன். பக்கத்து வண்டிக் குடும்பம் ஜமுக்காளம் விரித்துப் புளியோதரை சாப்பிட்டது. எனக்கும் ஓர் இலையில் கொடுத்தார்கள். "தனியாவா போறீங்க?" என்று கேட்டார்கள். "வீட்டுக்காரியைக் கூப்பிடப் போறேன், திரும்பும்போது ரெண்டு பேர்" என்றேன். பின்சீட்டில் உனக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் இருந்தன.

இருட்டும் நேரத்தில் கரோலின் வீட்டுக்கு எதிர்ப்புறம் நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன். மாடியில் பாட்டு. எல்லாக் குரலுக்கும் அடியில் ஒரு குரல் தணிந்து போய்க்கொண்டிருந்தது. முதலில் யாரோ என்றுதான் நினைத்தேன். பிறகு தெரிந்தது. சமையல்கட்டில் நான் யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேனே, அந்தக் குரல்.

நடுவில் யாரோ தப்பாகப் பாட, நீ சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பு என் வீட்டில் கேட்டதாக எனக்கு நினைவில்லை. காது கேட்காததால் கேட்கவில்லையா, நீ சிரிக்கவே இல்லையா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியும், சாலோமி.

இறங்கி வரத்தான் கதவில் கை வைத்தேன். முழங்காலில் யாரோ இரண்டு தட்டுத் தட்டியது போலிருந்தது. பாட்டு முடியும்வரை அப்படியே இருந்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். பழைய வண்டியாக இருந்திருந்தால் தெருமுனையிலேயே கண்டுபிடித்து, பாட்டைப் பாதியில் விட்டுக் கதவைத் திறக்க ஓடி வந்திருப்பாய். இதில் போனதும் வந்ததும் ஒருவருக்கும் தெரியவில்லை.

மதுரையில் தங்கி மறுநாள் வந்து சேர்ந்தேன். பலகாரத்தை வழியில் சார்ஜ் போட நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ சொன்ன மிஷினை வைத்துக்கொண்டேன். அதைக் காட்டி உன்னைக் கூப்பிட மாட்டேன். நீ வந்தால் என்னைப்போல் சந்தோஷப்படுகிறவன் கிடையாது. வராவிட்டாலும் கோபமில்லை. வீடு பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு ஏன் அழுதாய்? கேட்காமல் விட்டேன். இப்போது கேட்கிறேன்.

உன்
எபனேசர்


கோயம்புத்தூர்
04.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடும்போது, கடைசி பெஞ்சில் இருக்கிறீர்களோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீங்கள் மேலே ஏறி வந்திருந்தால் பாட்டை நிறுத்தியிருப்பேன். காப்பி போட எழுந்திருப்பேன். ராத்திரியே பெட்டியும் கட்டியிருப்பேன். நான் அப்படித்தான், உங்களுக்குத் தெரியும். அதனால் நீங்கள் திரும்பிப் போனது நல்லது. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் நல்லது.

ஏன் அழுதேன் என்றால், அந்த டீச்சர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல முடியவில்லை. அதனால்தான்.

மிஷின் வைத்தால் வருகிறேன் என்று சொன்னவள் நான்தான். சொன்ன சொல்லை மீறுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன், அத்தான். இத்தனை வருஷத்தில் நீங்கள் எனக்குச் செய்ததில் பெரியது, அன்றைக்கு என் பாட்டை முழுதும் கேட்டுவிட்டுப் போனதுதான்.

மாத்திரையை மறக்க வேண்டாம். சந்துக்குள் போகும்போது ஹாரன் அடியுங்கள். ஆசியா உம்மாளுக்கு முட்டைக் கூடை வாங்கிக் கொடுத்தீர்களா?

காம்பவுண்டுக் கதவுக்கு எண்ணெய் போட்டுவிடுங்கள்.

சாலோமி