ஒன்பது பாட்காஸ்ட்டுக்கும் அடியில் ஓடிய உன் இசை

என் அமலுக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. அனுப்பியதெல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். ஆனால் இந்த விஷயத்தைப் பேசி அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. என் குரலைப் பற்றி நீ என்ன சொல்வாய்? "வத்திப் போன காவிரியில முங்கி எந்திரிச்ச மாதிரியே பேசுவான் இவன், நாமளும் தலைய தொவட்டிக்குவோம்" என்பாய். அந்தக் குரலை இன்றைக்கு நம்பக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, பொய் சொன்னால் பல்லிளித்துவிடும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மனைவி ரோஸ்லின் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போக ஆரம்பித்துவிட்டாள். உன் ஸ்கூட்டரை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். பாலக்கரைச் சந்தில் திருப்பும்போது மட்டும் இரண்டு காலையும் ஊன்றிவிடுகிறாள், பின்னால் வருகிறவன் திட்டுகிறான். உன் மகள் ஜெசி பதினொன்றாம் வகுப்பு. உன் கீபோர்டுக்குப் புது உறை தைத்திருக்கிறாள். நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது என்பதை இவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமையையும் நானே தொலைத்துக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தென்னூரில் மெடிக்கல் ஷாப் மாடியில் ஒரே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, "இதான் மச்சான் என் ஸ்டுடியோ" என்று உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்து வருடம் இருக்கும். திருச்சித் தெருக்களின் கதையைச் சொல்லும் முதல் பாட்காஸ்ட். அதற்குப் பின்னணி இசை வேண்டும் என்று உன் வீட்டுக்கு வந்து நின்றேன். நீ கைலாசபுரம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாய். சட்டையைக்கூட மாற்றாமல் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாய். ஃபேன் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தினாய். ரோஸ்லின் மிக்ஸியை நிறுத்தினாள். அப்போது ஆறாம் வகுப்பிலிருந்த ஜெசி கட்டிலில் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாற்பது விநாடிதான் வாசித்தாய். வாசித்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "பூசையில சாமியார் நன்மை அப்பம் குடுத்து முடிச்சதும் சனம் முட்டி போட்டு சத்தமில்லாம இருக்கும்ல, அந்த நேரத்துக்குன்னு போட்டுக்கிட்டிருக்கேன்டா. இன்னும் முடியல. முடிச்சு கோயில்ல வாசிப்பேன். நீ உன் தெருக்கதைக்கு வச்சுக்க. ஆனா அதுக்கு மட்டும்."

நான் தலையாட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

ஆறு மாதத்தில் இரண்டாவது பாட்காஸ்ட் வந்தது, பங்குச் சந்தை பற்றி. இசை தேடி நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்? இணையத்தில் கிடைப்பதைப் போட்டால் உரிமைப் பிரச்சினை வரும். உன் இசைக்குச் சொந்தக்காரன் நீ ஒருவன், நீ கேஸ் போடமாட்டாய். இப்படி நினைத்தேன் அமல். அப்படியே, இதே வார்த்தைகளில் நினைத்தேன். மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் மறக்கவில்லை.

அப்புறம் என்ன, நனைந்த பிறகு முக்காடு எதற்கு? சர்க்கரை நோயாளிகளுக்கான சாப்பாடு, மனை வாங்குவது எப்படி, போட்டித் தேர்வு நடப்புச் செய்திகள், குழந்தைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள், ஐந்து நிமிடச் சமையல், பாசுர விளக்கம் என்று எட்டானது. எல்லாவற்றுக்கும் அடியில் உன் நாற்பது விநாடிதான் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒன்பதாவது கொலைக்கதைகள். ஒரு பெண் கதை சொல்வாள், தயாரிப்பு நான். அதற்கு மட்டும் உன் இசையை மெதுவாக்கி, சுருதியை இறக்கி, மழைச் சத்தம் சேர்த்தேன். அதுதான் பிய்த்துக்கொண்டு ஓடியது. "அந்த மியூசிக் வந்தாலே முதுகு சில்லுங்குதுங்க" என்று கேட்பவர்கள் எழுதுவார்கள். நான் கைகூப்பும் பொம்மையைப் பதிலாகப் போடுவேன்.

ஸ்ரீரங்கத்தில் என் அம்மா பாசுர விளக்கத்தைத் தினமும் காலையில் காபியோடு கேட்பாள். ஒருநாள், "யாருடா இத வாசிக்கறா? பெருமாள சேவிச்சுட்டு வெளில வந்து நிக்கறாப்ல இருக்கு" என்றாள். "கம்ப்யூட்டர்ல தானா வரதும்மா" என்றேன். உன்னைக் கம்ப்யூட்டர் என்று சொன்னேன், அதுவும் பெற்ற தாயிடம். அவள் கையால் நீ எத்தனை தடவை புளியோதரை வாங்கித் தின்றிருக்கிறாய்.

நீ எதுவும் கேட்கவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பார்த்துக்கொள்வோம், டீ குடிப்போம், என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பாய். பாட்காஸ்ட் எப்படிப் போகிறது என்பாய், நன்றாகப் போகிறது என்பேன். உனக்குத் தெரியாது என்று ஒரு பாதி மனசு சொல்லும், தெரிந்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று இன்னொரு பாதி சொல்லும். மௌனம் சம்மதம் என்ற பழமொழியை என்னைப் போன்ற ஆள்தான் கண்டுபிடித்திருப்பான்.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் ரோஸ்லின் போன் செய்தாள். "அண்ணே, அவரு ஒரு ட்யூன் போட்டு வச்சிருந்தாருல்ல, நன்மைக்கு அப்புறம் வாசிக்கிறதுக்குன்னு. அத ஜெசி பழகி வச்சிருக்கா. பூசையில வாசிக்கணும்னு ஆசப்படுறா. கொயர் மாஸ்டர்கிட்ட கேக்கப் போறோம், நீங்களும் கூட வந்தீங்கன்னா நல்லாயிருக்கும்." போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம், வாயில் சோறு இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் பங்குக் கோயிலின் கொயர் அறை. மாஸ்டர் சூசை சார் இருந்தார், பாடுகிற பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஜெசி வாசிக்க ஆரம்பித்தாள். முதல் வரி முடியவில்லை, ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் கையைக் கிள்ளினாள். சூசை சார் கையை உயர்த்தினார்.

"பாப்பா, நிறுத்தும்மா. இது அந்தக் கொலக்கத மியூசிக் ஆச்சே?"

"இல்ல சார், இது எங்க அப்பா போட்டது."

"அப்பாவே ஒரு தடவ வாசிச்சாரும்மா. ரெண்டு வருசம் இருக்கும், நீயும் அம்மாவும் வராத ஒரு பூசை. முட்டி போட்டிருந்த சனமெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. பின்னாடி பயலுவ சிரிச்சுட்டானுங்க. கண்ட எடத்துலேருந்து எடுத்துட்டு வந்து கோயில்ல வாசிக்கலாமா அமலுன்னு கேட்டேன். மன்னிச்சுக்கங்க சார்னுட்டுப் போயிட்டாரு. போனவரப் பத்திக் குத்தம் சொல்லல, ஆனா சொந்த ட்யூன்னு மட்டும் சொல்லாதம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இந்த லைன்லதான இருக்கீங்கன்னு அமல் சொல்லுவாரு. நீங்களே சொல்லுங்க, இது பாட்காஸ்ட்ல வர்றதுதானே?"

"ஆமா சார், வர்றதுதான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பார்த்தாயா? அது பாட்காஸ்ட்டுக்கு எப்படிப் போனது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். உன் பெண்ணுக்கு முன்னால் உன்னைத் திருடன் என்று சொல்கிறார்கள், திருடியவன் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறான். ரோஸ்லின் குனிந்துகொண்டாள். ஜெசி என்னைப் பார்த்தாள், அழவில்லை. ஸ்விட்சை அணைத்து, ஒயரை மெதுவாகச் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பூசையில் நன்மைக்குப் பிறகு வேறு ஏதோ பாட்டுப் பாடினார்கள். நான் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் உன் வீட்டில் சாப்பாடு. கை கழுவப் போன இடத்தில் ஜெசி நின்றிருந்தாள். உன் போனை நீட்டினாள். "மாமா, இதப் பாருங்க." என் ஒன்பது பாட்காஸ்ட்டும் அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் எல்லாப் பகுதிகளும் முழுதாகக் கேட்டு முடித்ததற்கான அடையாளம் இருந்தது. சர்க்கரை நோய், மனை, குழந்தைப் பெயர், எதையும் நீ விடவில்லை.

"அப்பா கம்பெனி பஸ்ல போகும்போது கேப்பாங்க. நமக்கு எதுக்குப்பா குழந்தைப் பேருன்னு ஒரு நாள் கேட்டேன். 'கடைசியில எல்லார் பேரும் வாசிப்பாங்கடா, அதுக்காகக் கேக்குறேன்'னாங்க."

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நான்தான் வாசிப்பேன். எழுத்து இன்னார், குரல் இன்னார், ஒலிப்பதிவு இன்னார், தயாரிப்பு ரங்கராஜன். இசை என்ற சொல்லே என் பட்டியலில் கிடையாது. அந்த ஒரு சொல்லுக்காக, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, 'வ' வரிசையில் ஆண் குழந்தைப் பெயர்களை நீ கடைசி வரை கேட்டிருக்கிறாய். எத்தனை நாள் அப்படிக் கேட்டாய் அமல்? ஒரு சனிக்கிழமையாவது, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்டா டேய்" என்று என் சட்டையைப் பிடித்திருக்கக் கூடாதா? சூசை சார் திட்டியபோதும் என் பெயரைச் சொல்லாமல் ஏன் மன்னிப்புக் கேட்டாய்? என்னைக் காப்பாற்றவா? இல்லை, இப்படி ஒருவனை நண்பன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததா?

ஜெசி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அந்த ரூம்ல ஏன் நீங்க ஒண்ணும் சொல்லல, சார்?" என்று கேட்டாள்.

சார். பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்ட பிள்ளை. நீ என்னை மச்சான் என்றாய், ரோஸ்லின் அண்ணே என்றாள், அதனால் அவளுக்கு நான் மாமா. அந்த உறவு முறை ஒரே கேள்வியில் முடிந்தது. கைகழுவிய தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன்.

மறுநாள் காலை ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. நான் முடித்ததும், "சாப்ட்டீங்களாண்ணே?" என்றாள். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

அங்கிருந்து நேரே சூசை சாரிடம் போனேன். உன் வீட்டில் பதிவு செய்த பழைய பதிவை, நீ பேசியது உட்பட, முழுதாகப் போட்டுக் காட்டினேன். "ஆனா அதுக்கு மட்டும்" என்று நீ சொல்கிற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அன்னைக்கு அவர நான் அவ்வளவு பேசுனேனே, ஒரு வார்த்த சொல்லலையே சார் அந்த மனுசன்" என்றார். அப்படியானால் இனிமேலாவது வாசிக்கலாமா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்கு இப்ப உண்மை தெரியும். முட்டி போட்டிருக்கிற சனத்துக்கு? அவங்க காதுல கொலதான ஓடும்? மொதல்ல நீங்க எல்லா எடத்துலேருந்தும் அத எடுங்க. சனம் மறக்கட்டும். வருசப் பூசையில பாப்போம்."

எடுத்துவிட்டேன் அமல். ஒன்பதிலும், பழைய பகுதிகள் ஒவ்வொன்றையும் இறக்கி, உன் இசையை நீக்கி, மறுபடி ஏற்றினேன். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உன் பெயரையும் நான் செய்ததையும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரல் உடைகிற மாதிரி வந்தது, அது நிஜமா நடிப்பா என்று எனக்கே சந்தேகம் வந்து, தட்டையாக இன்னொரு தடவை பேசிப் பதிவு செய்தேன். "மியூசிக் இல்லாம சப்புனு இருக்கு சார்" என்று எழுதுகிறார்கள். கொலைக்கதை சொல்லும் பெண் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. பாசுரம் வெறுமனே இருக்கிறதே, மெஷின் ரிப்பேரா என்று நேற்றுக்கூடக் கேட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போய்ச் சொல்லிவிடுவேன்.

நீ போட்ட இசையை ஊரார் மறக்க வேண்டும், அதற்காக ஒருவன் உழைக்கிறான், அவன் உன் நண்பன். இப்படி ஒரு கேவலம் யாருக்காவது வாய்த்திருக்கிறதா? நீ அதைக் கோயிலில் வாசித்தபோது யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். அமைதியாக, அதைக் கேட்கிறோம் என்பதே தெரியாமல், அவரவர் வேண்டுதலோடு முட்டி போட்டிருந்திருக்க வேண்டும். நீ கேட்டது அவ்வளவுதான். அதைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

இனி அந்த நாற்பது விநாடியை நான் தொடமாட்டேன். என்னிடமிருந்த எல்லாப் பிரதிகளையும் ஜெசியிடம் கொடுத்துவிட்டேன். "ம்" என்று வாங்கிக்கொண்டாள். உன் வருடப் பூசையில் அவள் வாசிப்பாள். நான் கோயிலுக்கு உள்ளே வரலாமா, வாசலில் நிற்கவா என்பதை அவளே சொல்லட்டும். எங்கே நிற்கச் சொல்கிறாளோ அங்கே நிற்பேன், பூசை முடியும் வரை வாயைத் திறக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இதற்குத் தலையாட்டவில்லை, எழுதித் தருகிறேன்.

உனக்கு மச்சானாக இருந்து,
உன் மகளுக்கு இப்போதைக்கு வெறும் சாராக இருக்கும்,
ரங்கு