சங்கிலியில் ஒட்டிய காந்தம்

14 ஆகஸ்டு 1979, செவ்வாய்

தேயிலைத்தூளில் கலந்துவரும் ஆணி, இரும்புத்துகளை இழுத்துப் பிடிக்கும் பழைய காந்தம் ஒன்றைத் தொழிற்சாலையில் கழித்துப் போட்டார்கள். ராஜ மரியாதையோடு அதைத் தங்கச்சி வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

"பிரிஞ்சாங் மலையையே நாலடி நகர்த்தின காந்தம் இது! ஆனா தங்கத்த மட்டும் தொடாது லா!" என்று முழங்கினேன். நிரூபிக்க, நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் போட்ட சங்கிலியைத் தங்கச்சி மகள் செல்வியிடம் கேட்டேன். தயங்கித்தான் கழற்றிக் கொடுத்தாள்.

சங்கிலி துள்ளி வந்து ஒட்டியது. கொக்கிக்குள் இருக்கும் சுருள்கம்பி இரும்பாக இருக்கும் என்று, நடுப்பகுதியை வைத்துப் பார்த்தேன். அதுவும் ஒட்டியது.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். "எனக்குத் தெரியும் மாமா. தங்கத்துல வாங்க வசதியில்லன்னு அவரே சொல்லிட்டாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா கல்யாணத்தையே நிப்பாட்டிடும். எனக்கு அவருதான் வேணும்."

அடுப்படியிலிருந்து தங்கச்சி குரல் கொடுத்தாள். "என்னண்ணே, ஒட்டுதா?"

"ஒட்டல. சுத்தத் தங்கம்."

தங்கச்சி பூரித்துப்போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். சூடா, ஆறியதா, ஒன்றும் தெரியவில்லை. செல்விக்கு நல்லது செய்தேனா, கெடுதல் செய்தேனா, அதுவும் தெரியவில்லை.