பழைய ஆட்டம்

மாட்டுப் பொங்கல், இரவு.

மத்தியானம் நடந்தது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வருடாவருடம் இந்த நாளில் டிவியில் எனக்குப் பிடித்த ஒரு பழைய படத்தைப் போடுவார்கள். மகன் செல்வம் கால்பந்து வைக்கச் சொல்லுவான். ரிமோட்டுக்குச் சண்டை நடக்கும். கடைசியில் அவன்தான் விட்டுக்கொடுத்து என்னோடு உட்கார்ந்து படம் பார்ப்பான். இந்த வருடம் ஓசூர் கம்பெனியில் லீவு தரவில்லையாம். ரிமோட் என் கையிலேயே இருந்தும் படத்தில் மனம் ஒட்டவில்லை. கால்பந்துக்கு மாற்றினேன்.

சிவப்புச் சட்டைதான் அவனுடைய டீம். அவன் விட்டுப்போன அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பனியில் மிளகு பறிக்கப் போகிறேன், எனக்குத் தெரியாதா? அவர்கள் கோல் போட்டதும் போனை எடுத்துக்கொண்டு பலா மரத்தடிக்கு ஓடினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"கண்ணு, உங்க டீமு கோல் போட்ருச்சு!"

"அது போன வருசத்து மேட்ச்சுங்கம்மா. திருப்பிப் போடறாங்க. அதுல நாங்க தோத்துட்டோம்" என்று சிரித்தான். "நீங்க படம் பாக்கலீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் வேலை இருக்கிறதென்று வைத்துவிட்டான்.

கதாநாயகி கடைசியில் செத்துப்போவாள் என்று தெரிந்தும் அத்தனை வருடம் என்னோடு அந்தப் படத்தைப் பார்த்தவன்தானே அவன்? தோற்ற ஆட்டமாகவே இருக்கட்டும். கோலை எப்படிப் போட்டார்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.